பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திரட்டா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

போன வாரம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை ஊறுகாய் கேட்டு வாங்கினார். "அண்ணே, பிரஷர் இருக்குல்ல?" என்றேன். "அதெல்லாம் சரியாயிடுச்சு தங்கச்சி. மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சண்டை போட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஆனால் அதில் என் பங்கு என்ன என்பது பலருக்குத் தெரியாது. தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா, நாலு பேரு படிக்கட்டும்" என்றான்.

சோழவந்தான் பக்கம் அவனுக்குக் கொடிக்கால். வெற்றிலைக்காரன். 2020-ல் ஒரு காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது 160/100 என்று கண்டுபிடித்தார்கள். காய்ச்சல் போன பிறகு பார்த்தும் இறங்கவில்லை. அம்லோடிபின் 5 மி.கி., காலையில் ஒன்று. ஒழுங்காகப் போட்டான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தாரே, மக்களைத் தேடி மருத்துவம், அது எங்கள் ஊருக்கும் வந்த பிறகு மாத்திரை வீடு தேடியே வந்தது. ஊர்க்காரப் பெண் ஒருவர்தான் தன்னார்வலர். வாசலில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்.

2022 ஐப்பசியில் ஒரு நாள் தம்பி போன் பண்ணினான். "அக்கா, இன்னிக்கு 126/82. நார்மலாம். மாத்திரைய நிறுத்திரட்டா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சொன்னது இது: "நார்மல்னு சொல்லிட்டாங்கன்னா ஒரு பத்து நாள் நிறுத்தித்தான் பாரேன். உடம்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி படித்தவள். மருத்துவம் என்று எனக்குத் தெரிந்தது தைலமும் கஷாயமும்தான். ஆனால் ஊரிலும் வீட்டிலும் "டீச்சர் சொல்லிட்டா சரியா இருக்கும்" என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, தெரியாத பாடத்துக்கு விடை சொன்னேன். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம்.

மூன்றாம் நாள் அவன் ஒரு மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தான். 130/80. "பாத்தியாக்கா, ஒண்ணும் ஏறல" என்றான். நானும் "அப்ப சரி" என்றேன். பத்து நாள் என்பது இருவருக்குமே மறந்துபோனது. தன்னார்வலர் வரும்போது திட்டுவாரே என்று மாத்திரையை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். அவர் வரும் நேரத்தில் ஆளே இல்லாமல் கொடிக்காலுக்குப் போய்விடுவானாம்.

திருக்கார்த்திகை முடிந்த வாரம், காலையில் கொடி கட்டிக்கொண்டிருந்தவனுக்கு வலது கையிலிருந்து நார் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. கூட வேலை பார்த்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், கையைத் தேய்த்துவிட்டார்கள், பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். 108-ஐக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எங்களுக்கு அந்தக் கணக்கும் தவறியது.

வார்டில் என்னை முதலில் அடையாளம் கண்டது ஒரு நர்ஸ். "டீச்சர், நான் உங்ககிட்ட மூணாப்பு படிச்சேன்." பெயர் இங்கே வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. படித்தவுடனே தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "தம்பி மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா டீச்சர்?"

"போட்டான்" என்றேன். என்னிடம் படித்த பிள்ளையிடம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையிடம், பொய் சொன்னேன்.

மறுநாள் தம்பி பெண்டாட்டி அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை மாத்திரைகளை எண்ணினாள். முப்பத்தாறு. என்னை ஒன்றும் சொல்லவில்லை. பணி முடிந்து வந்து, வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அறுபது தாண்டிய பிறகு நான் உட்கார்ந்து கேட்ட உருப்படியான பாடம் அதுதான். அதிலிருந்து எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

"வயக்காட்டு மோட்டார் செட்ட நெனச்சுக்கங்க டீச்சர். மோட்டார், குழாய், தண்ணி. குழாய்க்குள்ள அழுத்தம் கூடுச்சுன்னா மூணுல ஏதாவது ஒண்ண சரி பண்ணணும். பிரஷர் மாத்திரை எல்லாம் இந்த மூணுல எங்கயாவது ஒரு இடத்துலதான் வேலை செய்யும்." இதயம் மோட்டார். ரத்தக்குழாய்கள் குழாய். உடம்பிலுள்ள உப்பும் நீரும் தண்ணீர்.

அம்லோடிபின் குழாயைத் தளர்த்துகிறது. ரத்தக்குழாயின் சுவரில் இருக்கும் தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டுமாம், அந்த வாசலை இது பாதி சாத்தி வைக்கிறது. அட்டனலால், மெட்டோப்ரலால் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடு, புரூசமைடு எல்லாம் நீர் மாத்திரைகள், உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்குகின்றன. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் இவை வேறு ஒரு வேலை செய்கின்றன. குழாயை இறுக்கு, உப்பைப் பிடித்து வை என்று உடம்புக்குள் ஒரு உத்தரவு போகும், அதன் தொடக்கம் சிறுநீரகத்தில். அந்த உத்தரவைப் போக விடாமல் தடுப்பவை இவை. சிலருக்கு இரண்டு மூன்று மாத்திரை கொடுப்பது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. "ஒரே வியாதிக்கு எதுக்கு மூணு மாத்திரை, டாக்டர் காசு பாக்குறாரு" என்று நானே பேசியிருக்கிறேன்.

பிறகுதான் நான் பயந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்தாள். "126/82 நார்மல்தான் டீச்சர். ஆனா அது மாத்திரையோட நார்மல். கண்ணாடி போட்டா எழுத்து தெரியுது. தெரியுதேன்னு கண்ணாடியக் கழட்டி வச்சிருவீங்களா?"

சரி, நிறுத்தி மூன்றாம் நாள் பார்த்தபோதும் ஏறவில்லையே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. உள்ளே இருப்பதில் பாதி குறையவே ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகுமாம். மிச்சத்தில் பாதிக்கு இன்னும் அவ்வளவு நாள். ஆக நிறுத்திய முதல் சில நாட்களுக்குப் பழைய மாத்திரையே காப்பாற்றிக்கொண்டிருக்கும். கருவியில் எண் அழகாக வரும். நாமும் ஜெயித்துவிட்டோம் என்று நம்புவோம். அது ஏறும்போது தலைவலிக்கும், மயக்கம் வரும், உடம்பு சொல்லிவிடும் என்பது என் எண்ணம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாதாம். "உடம்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று சொன்னேனே, உடம்பு ஒன்றும் சொல்லவில்லை.

"நிறுத்துனதாலதான் வந்துச்சுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது டீச்சர். போட்டுக்கிட்டு இருந்தா வர்ற வாய்ப்பு கம்மியா இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அட்டனலால், மெட்டோப்ரலால் போடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த மோட்டார் தறிகெட்டு ஓடும், நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டு "வந்து போட்டுக்கலாம்" என்று இருக்கிறவர்கள் நம் குடும்பத்திலேயே நாலு பேர் உண்டு.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்குக் காரணம் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்வதில்லை. என் சித்திக்கு நீர் மாத்திரை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமநாதபுரம் போகிற நாளெல்லாம் போட மாட்டார். வழியில் இறங்கி எங்கே போவது? ஒரு வயசான பெண்மணிக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது? அந்தப் பிள்ளையிடம் கேட்டதற்கு, "போடாம விடவே கூடாது டீச்சர், ஆனா நேரத்த மாத்திப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம், கேட்டா சொல்வாங்க" என்றாள். சித்தி கேட்டார். நேரம் மாற்றிக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்கு மேல் மட்டும் போட வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடும், இருட்டில் எழுந்து விழுந்து வைப்பீர்கள் என்றும் சொன்னார்கள். இவ்வளவு சின்ன விஷயம். இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்தார்.

அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உடனே "கிட்னி போச்சு" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் டானிக் குடித்துக்கொண்டிருப்பார்கள், பிரஷர் மாத்திரைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. இரண்டையும் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி உண்டு. உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

என் மாணவிகளுக்கு ஒன்று தனியாக. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் இவை கர்ப்பத்தில் ஆகாதவை, குழந்தையைப் பாதிக்கும். இந்த மாத்திரை போடுகிறவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முப்பது வயதில் பிரஷர் மாத்திரை போடும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

"ஆயுசுக்கும் இங்கிலீஷ் மருந்தா? சூடு. நாட்டு மருந்துக்கு மாறிக்கிறேன்" என்பார்கள் அடுத்து. எனக்கு நாட்டு மருந்தின் மேல் கோபம் இல்லை. ஆனால் ஒரு கதை சொல்கிறேன். சர்ப்பகந்தா என்று ஒரு செடி, அதன் வேரை நம் நாட்டு வைத்தியத்தில் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள். பம்பாயில் ருஸ்தம் வக்கீல் என்ற இதய மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த வேரிலிருந்து பிரித்த ரெசர்பின் பல வருஷம் பிரஷர் மருந்தாக ஓடியது. மனச்சோர்வு போன்ற தொந்தரவுகள் கொடுத்ததால் நல்ல மருந்துகள் வந்தபின் ஒதுங்கிவிட்டது. எனலாப்ரில் குடும்பத்தின் கதை இன்னும் வேடிக்கை. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம் ரத்த அழுத்தத்தை இறக்குவதை ஆராயப்போய், அந்தத் தடத்தில் செய்த மருந்துதான் கேப்டோப்ரில், 1981-ல் புழக்கத்துக்கு வந்தது. எனலாப்ரில் அதன் தம்பி. வேரிலிருந்து வந்ததா, விஷத்திலிருந்து வந்ததா என்பது பெரிசில்லை. எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பொட்டலத்தில் வாங்கும் பொடியில் அந்த அளவு இல்லை.

வார்டில் அந்தப் பிள்ளை வேலை செய்வதைப் பத்து நாள் பார்த்தேன். ஒரு மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் எத்தனை சரிபார்ப்பு! ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, வாய்க்கா ஊசிக்கா, நேரம் சரியா. பிரஷர் மாத்திரை என்றால் முதலில் பிரஷர். எதிர்க்கட்டிலில் டிஜாக்சின் போடும் பெரியவர் ஒருவர். அவருக்குக் கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுவாள். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கேட்பாள். வாந்தி வருதா தாத்தா, கண்ணுக்கு மஞ்சளா தெரியுதா என்று கேட்பாள். அந்த மருந்தின் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் விஷமாம். கூட நீர் மாத்திரையும் போட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துவிட்டால் இன்னும் ஆபத்தாம்.

அந்தத் தாத்தா வீட்டுக்குப் போன அன்று, கையில் ஒரு சீட்டும் ஒரு பை மாத்திரையும் கொடுத்தார்கள். சீட்டில் 1-0-0, 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று அர்த்தம். கணக்குப் பாடம் எடுத்த எனக்கே முதலில் நூற்றியொன்று என்றுதான் கண்ணுக்குப் பட்டது. மாத்திரை அட்டையில் பெயர் ஆங்கிலத்தில், எறும்பு சைஸில். வார்டில் படித்தவள் ஒருத்தி ஒரு நிமிஷம் நாடி பார்த்து, சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்டுக் கொடுத்த அதே மாத்திரையை, இனி வீட்டில் கண் தெரியாத பாட்டி டம்ளர் தண்ணீரோடு கொடுக்க வேண்டும். பாட்டிக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆசைதான். இரவுப் பணியில் நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்தி. எனக்கு வராந்தாவில் சொன்னது அவள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில், பழைய டீச்சர் என்ற பாசத்தில்.

என் கருத்து இதுதான், இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். மாத்திரை கொடுப்பது எப்படி ஒரு வேலையோ, அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு வேலை. நர்ஸ்களுக்கு அந்தப் பாடம் தெரியும், அதைப் பரீட்சை எழுதித்தான் பாஸ் பண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம் என்று அவர்கள் பணிநேரத்தில் ஒதுக்க வேண்டும். அதற்குத் தக்கபடி ஆள் போட வேண்டும். பாசத்தில் செய்கிற காரியமாக அதை விட்டுவைக்கக் கூடாது.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். நம் மதுரையிலேயே நடந்திருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷனுக்குப் போயிருப்பீர்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து அவர்களே இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு பெண் உட்கார்ந்து, என்ன லென்ஸ், எத்தனை நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று மதுரைத் தமிழில் சொல்வார். ஆலோசனை சொல்வது என்பதே அங்கே தனி வேலை. கண்ணுக்குச் செய்ய முடிந்ததை நெஞ்சுக்கும் செய்யலாமே.

மக்களைத் தேடி மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தபோது சந்தோஷப்பட்டவள் நான். தம்பிக்கு வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுத்ததும் அதே திட்டத்து ஆட்கள்தான். என் ஆசை ஒன்றே ஒன்று. வருகிற தன்னார்வலர் புது மாத்திரை கொடுக்கும் முன் "பழைய டப்பாவைக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். திட்டக்கூடாது. மிச்சம் இருந்தால் "ஏன் போடல?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். என் தம்பி வீட்டில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் ஐந்து வாரம் ஓடியிருக்காது. அக்காவே கேட்கவில்லை, அவர்களை என்ன சொல்ல.

மாத்திரை அட்டையில் தமிழ் வேண்டும் என்பது அடுத்தது. கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரித்துக் கொடுக்கிறார்கள், பெயரும் காலாவதி தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. பெயர் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் முழு அட்டையாக வாங்குங்கள்.

இன்னும் சில விஷயங்கள், அவள் சொன்னவையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவையும். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி, மாத்திரை என்று அடிக்கடி போடுகிறவர்கள் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று ஆச்சரியப்பட வேண்டாம். அந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் படுத்தும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் எனலாப்ரில், லோசார்ட்டான் வகையும் போட்டுக்கொண்டு தினம் இளநீர் குடிக்கக்கூடாது, சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதையும் கேட்காமல் வாங்கக்கூடாது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் நீர் மாத்திரையை அன்றைக்குப் போடலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் படுக்கையிலிருந்து சடாரென்று எழக்கூடாது, ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழ வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. விழுங்க முடியவில்லை என்று மாத்திரையை நுணுக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கும் மருமகள்களே, மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரைகள் சில உண்டு, நுணுக்கினால் ஒரு நாள் மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலை யார் சொன்னாலும், பல் பிடுங்குகிற டாக்டரே சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள்.

நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட், நாக்குக்கு அடியில் வைப்பது. நின்றுகொண்டு வைக்காதீர்கள், பிரஷர் இறங்கித் தலை சுற்றும், உட்கார்ந்துகொண்டு வையுங்கள். தலை வலிக்கும், அது மருந்தின் வேலைதான். ஐந்து நிமிஷத்தில் வலி விடாவிட்டால் 108. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மாணவர்களில் ஐம்பது தாண்டியவர்கள் நிறைய. ஆண்மைக்கான மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட் வைக்கவே கூடாது, பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்து. ஆம்புலன்சில் வருகிறவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவர் ஆயிரம் பேரைப் பார்த்தவர்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதயம் காப்போம் என்ற திட்டம், 2023-லிருந்து இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் அங்கே உண்டு. மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று கார் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மாத்திரையை ஒருநாளும் குறைக்கவே முடியாதா என்றால், முடியும். எடை குறைத்து, கருவாடு, அப்பளம், ஊறுகாயை ஒதுக்கி, நடந்து, பிரஷர் நன்றாக இறங்கியவர்களுக்கு டாக்டரே குறைத்திருக்கிறார். வாரா வாரம் பார்த்து, மெதுவாக. பந்தியில் தானே முடிவெடுத்து இல்லை.

தம்பி இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். பேச்சு தெளிவாகிவிட்டது. வலது விரல்கள் இன்னும் மடங்கவில்லை, அதனால் கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. என்னை அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காலண்டரில் மாத்திரை போட்ட நாளுக்கு இடது கையால் டிக் போடுகிறான்.

நேற்று அந்தக் கல்யாண வீட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கருவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். காபி குடித்து அரை மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, கால் தரையில், கை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு, ஐந்து நிமிஷம் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி (அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டம்) இரண்டு தடவை பார்த்தேன். 168/98, 164/96. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கால் வீங்குச்சு தங்கச்சி, பயந்துட்டேன்" என்றார். செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிறேன், மாத்திரை அட்டையும் பழைய சீட்டும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது சீட்டு புரியவில்லை என்றால் கொண்டு வாருங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று டாக்டர் எழுதியதைத் தமிழில், பெரிய எழுத்தில், அட்டையில் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். போடலாமா நிறுத்தலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு 104-க்குப் போன் பண்ணுங்கள் அல்லது உங்கள் டாக்டரைப் பாருங்கள். சனி, ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன்.